உடைந்த கலமும் கருத்த இரும்பும்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் செய்துங்கநல்லூரும் கருங்குளமும் தாண்டியதும் என் பாட்டி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவாள். "ஏல, அந்தா பாரு பரம்பு. அதுக்குள்ளதான் நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் பானைக்குள்ள உக்காந்திருக்காவ."

"செத்தவங்களா பாட்டி?"

"சாகாதவங்கடா."

அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராதாம். வயசாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் கோழிக்குஞ்சு அளவுக்கு ஆகிவிடுவார்களாம். காலில் மிதிபடக் கூடாதென்று சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழியில் எடுத்து வைப்பார்களாம். அதுக்கும் மேலே வைத்துப் பார்க்க முடியாமல் போனால் பெரிய தாழியில் இறக்கி, கூடவே கொஞ்சம் சோறு, தண்ணி, ஒரு விளக்கு வைத்து மூடிவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு எங்கள் தெருவில் இருந்த விளக்கம் இது. 1870களில் கொற்கைப் பக்கம் தோண்டிப் பார்த்த பிஷப் கால்டுவெல்லும் ஏறக்குறைய இதே கதையை ஜனங்கள் வாயிலிருந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டிக்குக் கால்டுவெல்லைத் தெரியாது. கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் 'நம்ம பாட்டன் பூட்டன்' என்று சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. அந்த 'நம்ம' என்கிற சொல்தான் இத்தனை வருசமாக என்னைத் தொந்தரவு செய்து கொண்டிருக்கிறது.

பரம்பு என்றால் மேட்டு நிலம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர். விவசாயத்துக்கு உதவாத சரளும் வெள்ளைப் பாறையும். ஆற்றங்கரை வண்டல் பூமியைச் சோற்றுக்கு விட்டுவிட்டு, ஒன்றும் விளையாத மேட்டைச் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1876இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் யாகர் இங்கே தோண்டி, பானைகள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள், மண்டையோடுகள் எல்லாவற்றையும் ஜெர்மனிக்கு எடுத்துப் போனார். பிறகு பிரான்சிலிருந்து லூயி லாப்பிக் வந்தார். 1899 முதல் 1905 வரை பல பருவங்களில் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. 1915இல் பட்டியல் போட்டு அச்சடித்தார்கள். பொன் நெற்றிப்பட்டங்கள், எருமையும் ஆடும் சேவலும் நிற்கிற வெண்கல மூடிகள், இரும்பு வாள், ஈட்டி, மண்வெட்டி, நெல் உமி ஒட்டின கலயங்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. படித்தவர்களுக்குத் தெரிகிற பெயர்கள் யாகர், லாப்பிக், ரீ. வெயிலில் மண்ணைத் தோண்டி, தாழி உடையாமல் மேலே ஏற்றிய கூலியாட்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்? என் பாட்டியின் அப்பாவோ சித்தப்பாவோ அதில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்துப் பெருமை பேச நான் வரவில்லை.

நான் பேச வந்தது பானையைப் பற்றி.

எங்கள் ஊருக்குப் பானை மாட்டு வண்டியில் வரும். வைக்கோல் பரப்பி, பெரிசு அடியிலும் சிறிசு மேலேயுமாக அடுக்கி, வேளார் ஒருத்தர் ஓட்டி வருவார். முதலில் ஊர்த்தெரு. அங்கே பொம்பளையாட்கள் வண்டியைச் சுற்றி நின்று ஒவ்வொரு பானையாக எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, விரலால் சுண்டி, 'கணீர்' என்று சத்தம் வந்தால் எடுத்துக்கொள்வார்கள். 'தொப்'பென்று கேட்டால் கீறல் இருக்கிறது, வேண்டாம் என்று திருப்பி வைப்பார்கள். கடைசியில்தான் வண்டி எங்கள் தெருவுக்கு வரும். எங்கள் பெண்கள் சுண்டிப் பார்க்கக் கூடாது. தொட்டால் அந்தப் பானை அவர்களுடையது. கீறலோ கோணலோ, நெல்லை அளந்து கொட்டிவிட்டு எடுத்துப் போக வேண்டியதுதான். நாங்கள் தொட்டுத் திருப்பி வைத்த பானையை அடுத்த ஊரில் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்.

பித்தளையைப் புளி போட்டு விளக்கினால் தீட்டுப் போய்விடும். மண்ணுக்கு அந்த வழி கிடையாது. மண் உறிஞ்சும். தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி, எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, சாதியையும் உறிஞ்சும் என்பது அவர்கள் சாஸ்திரம். ஆகவே தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தை உடைத்துப் போடு என்பதே தீர்ப்பு.

அந்த வேளாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரும் ஊர்த்தெருவில் திண்ணை ஏறி உட்கார முடியாதவர்தான். ஆனால் நாங்கள் அவருக்கும் கீழே. எங்கள் நெல்லை அவர் கையில் வாங்கியதில்லை, தரையில் கொட்டச் சொல்லி அள்ளிக்கொள்வார். சாதியின் படிக்கட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒரு படி கீழே இருக்கும். இருந்தாலும் பாட்டி தூரத்தில் நின்று கண்ணால் ஒரு பானையைத் தேர்ந்து காட்டினால், அவர் அதைத் தூக்கித் தானே சுண்டிக் காட்டுவார். "கேட்டியா தாயி? நல்லாக் கேட்டுக்க." பாட்டி தலையைச் சாய்த்துக் கேட்பாள். "அது வேண்டாம், அந்தக் கழுத்துச் சிறுத்தது" என்பாள். அவர் அதையும் சுண்டுவார். இப்படி நாலைந்து பானை. கையால் தொட முடியாதவள் காதால் தொட்டு வாங்கினாள். என் பாட்டி வாங்கிய பானை கீறல் விட்டு நான் பார்த்ததில்லை.

பிற்பாடு மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தபோது இந்த வண்டிதான் கண் முன்னால் வந்து நின்றது. சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். அவர்கள் புழங்கிய பாத்திரம் மற்றவர்களுக்கு ஆகாது. செத்தவர்களின் துணியைக் கட்ட வேண்டும். உடைந்த கலத்தில் சாப்பிட வேண்டும். கருத்த இரும்பையே நகையாகப் போட வேண்டும். இவ்வளவும் அங்கே விதியாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இழிவுக்கு அடையாளமாக அவர் தேர்ந்தெடுத்த பொருள்கள் எவை? மண் கலம், இரும்பு, செத்தவரோடு உள்ள சம்பந்தம். பரம்பில் புதைந்து கிடப்பவையும் இவைதானே. மண் கலத்துக்குள் இரும்போடு தங்கள் செத்தவரை உட்கார வைத்து, பாறையைக் குடைந்து, சோறும் தண்ணியும் வைத்து மரியாதை செய்த ஒரு ஜனம் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்திருக்கிறது. மனு எழுதப்பட்டதற்கு எத்தனையோ நூறு வருசம் முன்னால். அவர்களைப் பார்த்துத்தான் மனு அப்படி எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குச் சான்று கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் கௌரவமாக இருந்த பொருள்கள் இன்னொரு காலத்தில் இழிவாக ஆக்கப்பட்டிருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மாற்றம் எப்போது, யாரால், எப்படி நடந்தது என்பதுதான் நம்முடைய வரலாற்றுக் கேள்வியாக இருக்க வேண்டும். எந்த ராஜா எந்த ராஜாவை ஜெயித்தான் என்பது நமக்கு எதற்கு?

சங்கப் பாடல்களில் இந்த மாற்றத்துக்கு முந்தைய நிலையின் சாயல் தெரிகிறது. புறநானூற்றில் ஒரு பெண், கணவனைப் பறிகொடுத்தவள், குயவனிடம் போய் நிற்கிறாள். அவனோடு பல வறண்ட பூமி கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்து இடம் இருக்கிற மாதிரி தாழியை அகலமாகச் செய் என்று கேட்கிறாள். அவள் குயவனைக் கூப்பிடுகிற சொல் 'கோ'. ராஜாவுக்கும் அதே சொல்தான். நற்றிணையில் குயவன் நொச்சி மாலை போட்டுக்கொண்டு தெருவில் திருவிழாச் செய்தி சொல்லிப் போகிறான். கரிகாலன் வெண்ணியில் ஜெயித்தபோது அவன் முகத்துக்கு நேராக, உன்னை விட முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, தோற்றவன், அவன் நல்லவன் என்று பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பானை செய்கிற வீட்டுப் பெண். ஜெயித்தவனின் காலத்திலேயே தோற்றவன் பக்கம் நின்று பேச அவருக்கு வாய் இருந்தது. இதையெல்லாம் வைத்து அது சாதியில்லாத பொற்காலம் என்று சில தோழர்கள் மேடையில் முழங்குகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பரம்பிலேயே ஒரு சில தாழிகளில்தான் பொன். மற்றவற்றில் இரும்பும் பானையும். பல தாழிகளில் வெறும் எலும்பு. செத்த பிறகும் உள்ளவன் இல்லாதவன் இருந்திருக்கிறான். ஆனால் எல்லாரும் ஒரே மேட்டில் கிடக்கிறார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு சுடுகாடு.

கருப்பு சிவப்புப் பானை என்று தொல்லியல்காரர்கள் சொல்வது உள்ளேயும் விளிம்பும் கருப்பாக, வெளியே சிவப்பாக இருக்கிற பாண்டம். ராஜஸ்தானத்து ஆஹாரிலும் உண்டு, கர்நாடகத்து பிரம்மகிரியிலும் உண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் நம் பரம்பைப் போலவே தாழிக் காடு இருக்கிறது. அதை எப்படிச் சுட்டார்கள் என்று புத்தகத்தில் படித்தால் எனக்கு மண்டையில் ஏறவில்லை. சேரன்மகாதேவி பக்கம் காருகுறிச்சிக்குப் போனேன். நாகஸ்வரத்துக்குப் பேர்போன ஊர். தாமிரபரணிப் பாசனத்துக் குளத்து மண்ணில் பானை செய்கிற ஊரும் அதுதான். அங்கே ஒரு பெரியவர், எழுபது தாண்டியிருக்கும், நான் கையில் கொண்டு போன போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல என்ன தம்பி அதிசயம்? பானையைக் கவுத்து அடுக்கியிருக்கான். உள்ள உமியோ எலை தழையோ போட்டிருப்பான். வாய் தரையில அமுங்கிருக்கு, காத்துப் போகாது. காத்துப் போகாத எடம் கருக்கும். காத்துப் படுத வெளிப்பக்கம் செவக்கும். ஒரே தீயிலதான் ரெண்டு நெறமும்."

"இப்ப யாரும் அப்படிச் செய்வாங்களா ஐயா?"

"கருப்பு கேட்டா முழுசாக் கருப்பு. சூளை வாயை அடைச்சுப் புகையை உள்ளேயே நிறுத்திப்புட்டாப் போதும். செவப்பு கேட்டா செவப்பு. ரெண்டும் ஒண்ணா எவன் கேக்கான்?"

அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வதும் அவர் சொன்னதும் ஒன்றுதான். அவர்கள் ஆக்சிஜன் என்பார்கள், இவர் காத்து என்றார். பெரியவர் படித்தது ஐந்தாவது.

அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சக்கரத்தில் வருவது பாதிப் பானைதான். வாயும் கழுத்தும் தோளும் அங்கே பிறக்கும். நூலால் அறுத்து எடுக்கும்போது அடி திறந்தோ தடித்தோ இருக்கும். கொஞ்சம் உலர்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே ஒரு வழுவழுப்பான கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் மெலியும், வயிறு உருண்டு வரும். உள்ளே கல், வெளியே பலகை, நடுவில் மண். கல்லும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும், விலகினால் ஓட்டை. ஆளுயரத் தாழியைச் சக்கரத்தில் ஏற்ற முடியாது. மண்ணைத் திரித்துத் திரித்துச் சுற்றி, ஒரு சுற்று இறுகின பிறகு அடுத்த சுற்று என்று பல நாள் கட்டி எழுப்பியிருக்க வேண்டும். அதிலும் தட்டுகிற வேலைதான் பானைக்கு உயிர். மண்ணை மிதிப்பது, கல் பொறுக்குவது, தட்டுவது, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி வைப்பது, தலையில் சுமந்து போய் விற்பது என்று பாதிக்கு மேல் பெண்கள் வேலை. ஆனால் சக்கரத்தில் பெண் கை வைக்கக் கூடாது என்பது பல ஊர்க் குயவர்களிடம் உள்ள கட்டுப்பாடு. கேட்டால் பெரியவர் சிரித்துவிட்டு, "அது அப்படித்தான் தம்பி" என்றார். வெண்ணிக் குயத்தியார் சக்கரம் சுற்றினாரா என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் தேவலை.

இந்தக் கை ஞானம் மூவாயிரம் வருசமாக அறுந்து போகாமல் வந்திருக்கிறதா? 2005இல் தொல்லியல் துறையைச் சேர்ந்த சத்தியமூர்த்தி குழு ஆதிச்சநல்லூரில் ஜனங்கள் குடியிருந்த பகுதியைத் தோண்டியபோது மூன்று பானைச் சூளைகள் கிடைத்தன. சாம்பல், கரி, உடைந்த ஓடுகளோடு. ஊருக்குள்ளேயே சூளை இருந்திருக்கிறது. அதற்கு முந்தின வருசத்திலிருந்து நடந்த தோண்டலில் 160க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன, மூன்று அடுக்காக, ஒரு தலைமுறைக்கு மேல் இன்னொரு தலைமுறை. சில தாழிகளுக்கு இன்னொரு தாழியே கவிழ்த்து மூடி. ஒரு ஓட்டில் மண்ணை ஒட்டி உருவம் செய்திருக்கிறார்கள். ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. ராஜா இல்லை, சாமி இல்லை. தாமிரபரணிக் கரையில் தண்ணிக்குப் போகிற எந்தப் பெண்ணும் கண்ணால் பார்த்திருக்கக் கூடிய காட்சி.

இவ்வளவும் கண்டுபிடித்துவிட்டு அறிக்கை வெளியிடாமல் பதினைந்து வருசம் போட்டு வைத்திருந்தார்கள். முத்தாலங்குறிச்சி காமராசு என்கிற எழுத்தாளர் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டு, கோர்ட் கேள்வி கேட்ட பிறகுதான் அசைந்தது. 2020இல் மாநிலத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரிலும் ஆற்றுக்கு வடக்கே சிவகளையிலும் தோண்டியது. சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2025 ஜனவரியில் சிவகளை இரும்பு ஐயாயிரம் வருசத்துக்கு முந்தியது என்று ஒரு அறிக்கை வந்தது. அந்தக் கணக்கை அறிஞர்கள் சோதித்துப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. பேசட்டும்.

ஆனால் நம் பக்கத்தில் நடக்கிற பேச்சு வேறு. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் திருநெல்வேலிச் சுவர்களில் போஸ்டர் முளைக்கிறது. ஆண்ட பரம்பரை நாங்கள், பாண்டியன் எங்கள் சாதி, தாழிக்குள் இருப்பவர் எங்கள் முப்பாட்டன். ஒவ்வொரு சாதிச் சங்கத்துக்கும் ஒரு தாழி. நம்மவர்களும் இதற்கு விலக்கு இல்லை. வெள்ளைக்காரன் மண்டையோட்டை அளந்து இனம் தேடினான். 1930இல் ஸுக்கர்மன் என்பவர் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழுதியது அச்சில் இருக்கிறது. நாம் அதே மண்டையோட்டில் சாதி தேடுகிறோம். ஆதி என்கிற சொல்லின் மேல் நமக்கு நியாயமான பாத்தியதை உண்டு. 1922இல் எம்.சி. ராஜா போராடி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசாங்கத் தாளில் ஏற வைத்தார். அதற்கும் முன்பே அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, நாம் இழிந்தவர்களாகப் பிறக்கவில்லை, இழிவாக்கப்பட்டோம் என்று வாரா வாரம் எழுதினார். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று கேட்டு, தோற்றுச் சிதறிப் போன கூட்டத்தார், உடைந்த மனிதர்கள் என்று ஒரு விடை சொன்னார். உடைந்த கலம், உடைந்த மனிதர். இவர்கள் மூவரும் தேடியது எப்படி இழிவு வந்தது என்பதை. போஸ்டர் அடிக்கிறவர்கள் தேடுவது யாருக்கு மேலே நாம் என்பதை. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பாட்டியின் 'நம்ம' வேறு ஒருத்தருடைய 'எங்க' ஆகிவிடும்.

இப்போது பட்டணத்தில் மண்பானைக்கு மவுசு. மண்பானைச் சமையல் ஹோட்டல், மண்பானைத் தண்ணி, ஆர்கானிக் கடையில் மண் தோசைக்கல். பாரம்பரியம், ஆரோக்கியம் என்கிறார்கள். குயவர் வீட்டில் நாலு காசு போய்ச் சேருமானால் எனக்குச் சந்தோஷம்தான். குளத்தில் மண் எடுக்க ஒவ்வொரு ஆபீசாக அலைந்து, மழைக்காலத்தில் சூளை அணைந்து கிடக்கிற ஜனம் அது. ஆனால் பாரம்பரியம் என்று கேட்டதும் என்னால் உடனே தலையாட்ட முடியவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் நம் ஜனங்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் அது பதினொன்றாயிற்று. ஜனத்தொகைக் கணக்கெடுத்த ஹட்டன் அந்தப் பட்டியலைத் தன் புத்தகத்தில் தந்திருக்கிறார். அதில் ஒன்று இது: அவர்கள் பெண்கள் தண்ணீர் எடுக்க மண் குடம் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும், செம்போ பித்தளையோ கூடாது. அதோடு விட்டார்களா? தலையில் சும்மாடு துணியில் வைக்கக் கூடாது, வைக்கோல்தான்.

என் பாட்டி மண்பானையை விரும்பித்தான் பிடித்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னாள்: "விரும்பிப் பிடிச்சாளா? ஒங்க தாத்தன் திருச்செந்தூர் மாசித் திருநாள்ல ஒரு பித்தளைக் குடம் வாங்கிட்டு வந்தாரு. ஒங்க பாட்டி அதை அரிசிப் பானைக்குப் பொறத்த ஒளிச்சு வைச்சிருந்தா. ஒரு நாள்கூட ஆத்துக்குக் கொண்டு போகல. ராத்திரி எடுத்துத் துடைச்சு வைப்பா." அந்தக் குடம் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு சொட்டை கிடையாது. அம்மா காலத்தில் எவர்சில்வர் வந்தது, பிறகு பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குடத்தைப் பண்பாட்டுச் சீரழிவு என்று எழுதுகிற நண்பர்கள், எங்கள் தெருவில் முதல் எவர்சில்வர் குடம் வந்த அன்றைக்குப் பெண்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது வீட்டுக்கு வீடு சாமான்களை நொறுக்கினார்கள், கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊரார் சொன்னார்கள். அங்கே உடைந்தவற்றில் துபாய், குவைத்திலிருந்து சம்பாதித்து வாங்கிய டி.வி., மிக்சியும் இருந்தன. இவர்களிடம் இதெல்லாம் எப்படி என்கிற ஆத்திரம் அது. 1931இன் பித்தளைக் குடத்துக்கும் இதற்கும் நடுவில் அறுபத்து நாலு வருசம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியபோது 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. தாழிகள் கிடக்கிற அதே ஆற்றங்கரை. பொருநை நாகரிகம் என்று கூட்டம் போடுகிறவர்கள் அந்த 17 பேரையும் இந்தக் கரையின் வரலாற்றில் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. தொட்டி சிமெண்டாகி விட்டது, அவ்வளவுதான் மாற்றம்.

பாட்டி 1986இல் செத்தாள். மாசி மாதம். சுடுகாட்டுக்கு நேர்வழி ஊர்த்தெருவை ஒட்டிப் போகும். அதில் பாடை போகக் கூடாது என்று நின்றுகொண்டார்கள். வயல் வரப்பில் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதையத் தூக்கிப் போனோம். சித்தப்பா கொள்ளிக்குடம் எடுத்தார். மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் மூக்கால் குடத்தில் ஒரு ஓட்டை, தண்ணி பீச்சியடிக்கும், கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைக்க வேண்டும். ஊர்த்தெருக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். பாளையங்கோட்டையில் எந்தச் சாதிக்காரர் செத்தாலும் ஒரு மண் குடம் உடையாமல் அடக்கமோ தகனமோ ஆவது அபூர்வம். ஐயர் வந்து மந்திரம் சொன்னாலும் குடம் மண் குடம்தான். தாழி போய்விட்டது, தாழியின் நினைவாகத்தான் இந்தக் குடம் நிற்கிறது என்று ஒரு நாட்டார் வழக்காற்றியல் மாணவரிடம் சொன்னேன். நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் குடம் உடைந்த சத்தம் கணீரென்று கேட்டது. கீறல் இல்லாத குடம். அதையும் அவள்தான் தேர்ந்து வாங்கி வைத்திருந்தாள்.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் தோண்டிய இடத்திலேயே மியூசியம் திறந்தார்கள். குழிக்கு மேலே கெட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தால் காலுக்குக் கீழே தாழிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டுப் பயந்து பயந்து கால் வைத்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். வாய் உடைந்த தாழி, அதற்குள் சின்னக் கலயங்கள், ஒன்றிரண்டு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. தொடக் கூடாது, சரிதான், மியூசியத்தில் யாருமே தொடக் கூடாது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் பேத்தியிடம், "நம்ம பாட்டன் பூட்டன்" என்றாள். யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

போன தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடியும் காருகுறிச்சிக்குப் போனேன். பெரியவர் படுத்துவிட்டார். மகன்தான் சூளையைப் பார்க்கிறார். பொங்கல் பானைகள் முற்றம் நிறைய அடுக்கிக் கிடந்தன. "எடுத்துப் பாருங்க அண்ணாச்சி" என்றார். நான் சும்மா நின்றேன். "சுண்டிப் பாருங்க, சும்மா நிக்கீகளே" என்று அவரே ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். சுண்டினேன். வேண்டாம் என்று வைத்தேன். இன்னொன்று. அதையும் வைத்தேன். நாலாவது பானையை எடுத்துக்கொண்டு, மூன்றைத் திருப்பி அடுக்கிவிட்டு, காசைக் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து நின்ற ஆளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை?" என்றார்.